ஸ்டர்லிங் கோட்டையின் மஞ்சள் மண்டபம்: பழையது எது, புதியது எது?

"ஸ்காட்லாந்தில் இருக்கும் ஸ்டர்லிங் கோட்டையின் படம் ஒன்றைப் பார்த்தேன். சுற்றிலும் சாம்பல் நிறக் கற்கட்டடங்கள், நடுவில் ஒன்று மட்டும் பளிச்சென்று மஞ்சளாக நிற்கிறது. 500 வருடப் பழைய கோட்டைக்கு இப்படிப் பெயிண்ட் அடித்தால் அதைக் கெடுத்ததாக ஆகாதா? அங்கே உண்மையிலேயே பழையது என்று எதுதான் மிச்சம்?" இதுதான் உங்கள் கேள்வி. நிறத்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும், உங்கள் உறுத்தல் நிறத்தோடு நிற்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு பழைய கட்டடத்தைத் திருத்துகிறவர்கள் எதை ஆதாரமாக வைத்துத் திருத்துகிறார்கள், அவர்கள் காட்டுவதை எந்த அளவுக்கு நம்பலாம் என்றுதான் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். அது பெயிண்ட் இல்லை, சுண்ணாம்பு. அந்த மண்டபம் கட்டப்பட்ட காலத்தில் சுவர் பூச்சோடுதான் இருந்தது. வெறுங்கல்லாக நிற்பதற்காக அந்தச் சுவரைக் கட்டவே இல்லை. ஆகவே மஞ்சள் பூச்சு கோட்டையைக் கெடுக்கவில்லை. ஆனால் அதே மண்டபத்தின் பிரமாண்டமான மரக்கூரை முழுக்க முழுக்க 1990களில் செய்தது. படத்தில் பழசாகத் தெரியும் சில பகுதிகள் பிற்காலத்தவை. புதுசாகக் கண்ணை உறுத்தும் மஞ்சளோ பழைய வழக்கத்தைத்தான் பின்பற்றுகிறது. ஏன் என்று விளக்குகிறேன். நான் பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் வேலையில் இருப்பவன். எடின்பரோவில் படித்தபோது ஸ்டர்லிங்குக்குப் பலமுறை போயிருக்கிறேன். சுண்ணாம்பும் கல்லும் மரமும் எனக்குத் தெரிந்த துறை. அந்நாட்டு அரசவைக் கணக்கேடுகளை மூலத்தில் படித்து ஆய்ந்தவன் அல்ல. அந்தப் பகுதிக்கு வரலாற்றாசிரியர்கள் சொன்னதைத்தான் நம்பியிருக்கிறேன்.

கோட்டை இருக்கும் இடத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சமவெளிக்கு நடுவே கரிய எரிமலைப் பாறை ஒன்று திடீரென்று எழுந்து நிற்கிறது. மூன்று பக்கமும் செங்குத்துச் சரிவு. கீழே ஃபோர்த் ஆறு வளைந்து வளைந்து ஓடுகிறது. ஸ்காட்லாந்தின் தெற்கிலிருந்து வடக்கே படை நடத்திப் போக வேண்டுமானால், ஆற்றைப் பாலத்தில் கடக்க வசதியான இடம் பல நூற்றாண்டுகளுக்கு இதுதான். அதனால்தான் 1297இல் ஸ்டர்லிங் பாலச் சண்டையும் 1314இல் பானக்பர்ன் போரும் இந்தப் பாறையின் கண்ணெதிரே நடந்தன. 1304இல் இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்டு இதை முற்றுகையிட்டு, 'போர் ஓநாய்' என்று பெயரிட்ட ராட்சதக் கவண்பொறியைக் கொண்டு தாக்கினான். பானக்பர்னில் வென்ற ஸ்காட்லாந்து அரசன் ராபர்ட் புரூஸ், எதிரி மறுபடி வந்து உள்ளே உட்கார்ந்துகொள்ளக் கூடாதென்று கோட்டையைத் தானே இடிக்கச் சொன்னான். இந்த வீரக்கதைகளை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் அங்கே தெரியும் சுவர்களை அந்தக் காலத்தவை என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. இன்று நாம் பார்ப்பதில் முக்கியமான கட்டடங்கள் எல்லாம் ஏறக்குறைய 1490க்கும் 1600க்கும் இடைப்பட்டவை. வடக்கு வாசலில் மட்டும் 14ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம் கொஞ்சம் இருப்பதாகக் கொள்கிறார்கள்.

உள்முற்றத்தில் நின்றால் நான்கு பக்கமும் நான்கு கட்டடங்கள். மேற்கே ஸ்காட்லாந்து அரசன் நான்காம் ஜேம்ஸ் தனக்காகக் கட்டிய வீடு. கிழக்கே அவனே எழுப்பிய பெரிய மண்டபம், அதாவது உங்கள் மஞ்சள் கட்டடம். தெற்கே அவன் மகன் ஐந்தாம் ஜேம்ஸின் அரண்மனை. வடக்கே அந்த மகனின் பேரன் ஆறாம் ஜேம்ஸ் 1594இல் கட்டிய தேவாலயம். ஒரே குடும்பம், ஒரு நூற்றாண்டு, நான்கு வெவ்வேறு பாணிகள். நான்குக்கும் பிற்காலத்தில் நேர்ந்த கதியும் வெவ்வேறு. 'ஸ்டர்லிங் கோட்டை பழையதா' என்று மொத்தமாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு கட்டடத்தையும் தனித்தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

மண்டபத்துக்கு வருவோம். 1503 வாக்கில் முடிந்தது. சுமார் 42 மீட்டர் நீளம், 14 மீட்டருக்குச் சற்று மேல் அகலம். ஸ்காட்லாந்தில் இதைவிடப் பெரிய மத்தியகால மண்டபம் கட்டப்படவில்லை. உள்ளே ஐந்து கணப்படுப்புகள். அரசன் உட்காரும் மேடைப் பக்கம் மட்டும் இரண்டு புறமும் தரையளவுக்கு இறங்கும் நெடிய ஜன்னல்கள் சுவரைவிட்டு வெளியே பிதுங்கி நிற்கும். மற்ற ஜன்னல்கள் எல்லாம் தலைக்கு வெகு மேலே, சுவரின் உச்சியில். கீழே சுவர் முழுக்கச் சித்திரத் திரைச்சீலைகள் தொங்கவிட இடம் வேண்டுமல்லவா? வெளிச்சம் உச்சியிலிருந்து பொதுவாக விழும். அரசன் இருக்கும் முனையில் மட்டும் பக்கவாட்டில் பாய்ந்து அவன் முகத்தைத் துலக்கும். கட்டடக்கலைஞனாக எனக்கு இந்த மண்டபத்தில் மிகவும் பிடித்தது இந்த வெளிச்சக் கணக்குதான். 1503இல்தான் நான்காம் ஜேம்ஸ் இங்கிலாந்து இளவரசி மார்கரெட் டியூடரை மணந்தான். தெற்கே லண்டனுக்கு அருகில் ஏல்தம் அரண்மனையில் 1470களில் கட்டப்பட்ட மண்டபத்திலும் இதே போன்ற இரட்டை ஜன்னல் அமைப்பும் மரக்கூரையும் உண்டு. ஸ்டர்லிங் அதைவிடப் பெரியது. மாமனார் வீட்டாருக்குக் காட்டவே இப்படிக் கட்டினான் என்று ஆவணமாக எதுவும் சொல்லவில்லை. காலத்தையும் அளவையும் வைத்து நான் அப்படி ஊகிக்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது பூச்சு. ஸ்காட்லாந்தின் பழைய கட்டடங்களில் இரண்டு வகைக் கல்வேலை உண்டு. ஒன்று, நான்கு பக்கமும் இழைத்து, சன்னமான இணைப்போடு அடுக்கிய கல். மற்றது, கிடைத்த வடிவத்தில் கல்லை வைத்து, இடுக்குகளில் சின்னக் கல்லையும் காரையையும் அடைத்துக் கட்டிய சுவர். இரண்டாவது வகைச் சுவரைக் கட்டிய கொத்தனார் அதை முடிந்த வேலையாக நினைக்கவில்லை. அதன்மேல் பூச்சு வரும் என்று தெரிந்துதான் கட்டினார். கரடுமுரடான மணலும் பொடிக்கல்லும் கலந்த சுண்ணாம்புக் காரையைக் கரண்டியால் அள்ளிச் சுவரில் ஓங்கி வீசுவார்கள். அங்கே இதற்கு ஹார்லிங் என்று பெயர். வீசும் வேகத்தில் காரை கல்லோடு இறுகப் பற்றிக்கொள்ளும். அதன் சொரசொரப்பான முகத்தில் மழைநீர் ஓரிடத்தில் தாரையாக ஓடாமல் சிதறி இறங்கும். காய்ந்த பிறகு நீர்க்கச் சுண்ணாம்பு பல கைகள். நிறம் வேண்டுமென்றால் அந்தச் சுண்ணாம்பிலேயே மஞ்சள் காவியையோ அன்னபேதி என்ற இரும்பு உப்பையோ கலப்பார்கள். அன்னபேதி கலந்த சுண்ணாம்பு பூசும்போது இளம்பச்சையாக இருந்து, காற்றுப்பட்டு இரும்பு துருவேறியதும் பொன்மஞ்சளாக மாறும். இரண்டு பொருளும் மலிவானவை, ராஜாக்களுக்கு மட்டும் உரியவை அல்ல.

சீரமைப்பின்போது ஸ்டர்லிங் மண்டபச் சுவரில் பழைய பூச்சின் எச்சங்கள் கிடைத்தன. இத்தகைய எச்சங்கள் பொதுவாக மழை படாத இடங்களில்தான் தப்பிப் பிழைக்கும்: பின்னால் வந்த சுவர் ஒட்டி மறைத்த பகுதி, விளிம்புக் கல்லின் அடிப்பக்கம், ஜன்னல் மூலை. அங்கே ஒரு நகக்கண் அளவு கிடைத்தாலும் போதும். அதன் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்த்தால் எத்தனை கை பூசியிருக்கிறார்கள், எந்தக் கையில் என்ன நிறமி என்று படிக்க முடியும். ஆக, சுவர் பூசப்பட்டிருந்தது உறுதி. பூச்சு மஞ்சள் சாயலில் இருந்தது என்பதற்கும் ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. 'அரசப் பொன்' என்று இப்போது அழைக்கிறார்களே, அந்தத் துல்லியமான சாயல்தான் 1503லும் இருந்ததா என்றால், அதை யாரும் சத்தியம் செய்ய முடியாது. காவி மண் ஒரு குழிக்கு ஒரு நிறம் காட்டும். ஒரே கொத்தனார் இந்த வருடம் கலக்குவதும் அடுத்த வருடம் கலக்குவதும் ஒன்றாக இருக்காது. வெயிலிலும் மழையிலும் வெளுத்து, மறுபடி பூசி, மறுபடி வெளுத்து என்று அந்தச் சுவர் ஒரே ஆயுளில் பல மஞ்சள்களைப் பார்த்திருக்கும். படத்தில் நீங்கள் பார்த்த பளபளப்பு, புதிதாகப் பூசிய வருடத்துப் பளபளப்பாக இருக்கலாம். சில குளிர்காலம் கழித்துப் பார்த்தால் கண்ணுக்கு இதமாகத் தணிந்திருக்கும்.

அப்படியானால் கோட்டை என்றாலே கரடுமுரடான சாம்பல் கல் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டிலிருந்து. மலைநாட்டு வீரமும் பாழடைந்த கோபுரமும் ஓவியர்களையும் கவிஞர்களையும் மயக்கிய காலம் அது. கல் தெரிந்தால்தான் பழமை என்று நம்பி, நல்ல நிலையில் இருந்த பூச்சையெல்லாம் பல இடங்களில் சுரண்டி எடுத்தார்கள். கவனிப்பில்லாத கட்டடங்களில் பூச்சு தானே உதிர்ந்தது. இந்த எண்ணத்துக்கு இடம் தராமல் பூச்சோடு நிற்கும் கட்டடங்களும் அங்கே இருக்கின்றன. அபர்டீன்ஷயரில் 1626இல் முடிந்த கிரெய்கிவார் கோட்டை இளஞ்சிவப்புப் பூச்சோடு நிற்கிறது. ஃபைஃப் கரையோரம் கல்ராஸ் ஊரில் வணிகர் ஜார்ஜ் புரூஸ் கட்டிய மாளிகை நல்ல காவி மஞ்சள். அவற்றைப் பார்த்தபின் ஸ்டர்லிங்கைப் பார்த்தால் மஞ்சள் மண்டபம் விசித்திரமாகத் தெரியாது. பூச்சில்லாமல் நிற்கும் மற்றச் சுவர்களைத்தான் மனம் விசாரிக்கத் தொடங்கும்.

அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், பூச்சுக்கு இன்னொரு வேலை உண்டு. என் தொழிலில் எனக்கு அதுதான் பெரிது. ஸ்டர்லிங் கட்டடங்கள் மணற்கல்லால் ஆனவை. மணற்கல் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் உள்ளே இருக்கும்போது பனி உறைந்தால், உறையும் நீர் விரிந்து கல்லின் முகத்தை ஏடு ஏடாக உரித்துவிடும். சுண்ணாம்புப் பூச்சு மழையைத் தான் வாங்கிக்கொண்டு, காற்றடித்ததும் வெளியே விட்டுவிடும். தேய்வதும் பொரிவதும் பூச்சுத்தான், கல் இல்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை மேலே ஒரு கை பூசினால் சரியாகிவிடும். இது புரியாமல் 20ஆம் நூற்றாண்டில் அங்கே எண்ணற்ற பழைய சுவர்களின் இணைப்புகளில் சிமெண்டைத் திணித்தார்கள். சிமெண்ட் உள்ளே போன நீரை வெளியே விடாது. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடியவன் உள்ளுக்குள் நனைவது போலத்தான். நீர் வேறு வழியில்லாமல் கல் வழியாகவே வெளியேறும். சிமெண்ட் அப்படியே இருக்க, அதைச் சுற்றியுள்ள கல் குழிந்து கரைந்துபோகும். அப்படிக் குழிந்த சுவர்களைத் தொட்டுப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'இயற்கையாக விட்டுவிடலாமே' என்று நல்ல எண்ணத்தில் சொல்பவர்கள், பல சுவர்களுக்கு அது மெதுவான மரணம் என்பதை யோசிக்க வேண்டும்.

கூரை விஷயம் பூச்சைவிடச் சிக்கலானது. 1603இல் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசனாகி லண்டன் போனபின் ஸ்டர்லிங்கில் அரசவை வாழ்க்கை ஏறக்குறைய நின்றுபோனது. பிறகு கோட்டை படிப்படியாகப் படைவீரர்களின் கைக்குப் போனது. 1800ஐ ஒட்டி, நெப்போலியன் காலத்துப் போர்களுக்குப் படை திரட்டியபோது, மண்டபத்தின் மரக்கூரையைக் கழற்றிவிட்டு, குறுக்குச் சுவர் எழுப்பி, தளங்கள் போட்டு அதைப் படைவீரர் குடியிருப்பாக மாற்றினார்கள். பெரிய ஜன்னல்களை அடைத்துச் சின்ன ஜன்னல்களை வெட்டினார்கள். 1964இல் படை வெளியேறியது. பிறகு பல ஆண்டு ஆய்வு, அளவீடு, தடுப்புகளை அகற்றுதல். புதிய ஓக் கூரையோடும் பூச்சோடும் 1999 நவம்பர் 30 அன்று எலிசபெத் ராணி மண்டபத்தைத் திறந்துவைத்தார்.

அந்தக் கூரையின் அமைப்புக்கு ஹாமர்பீம் என்று பெயர். அகலமான மண்டபத்தை ஒரே உத்தரத்தால் தாண்ட வேண்டுமானால் அவ்வளவு நீள மரம் வேண்டும். கிடைத்தாலும் தன் பாரத்தாலேயே நடுவில் தொய்ந்துவிடும். அதற்குப் பதிலாக, இரண்டு சுவரின் தலையிலிருந்தும் ஒரு குட்டை மரத்தை உள்நோக்கி நீட்டி, கீழிருந்து வளைந்த தாங்குமரம் கொடுத்து, அதன் நுனியில் ஒரு கால்மரத்தை நிறுத்தி, கைமரங்களை அதன்மேல் சாய்ப்பார்கள். ஒவ்வொரு படியிலும் இடைவெளி குறுகிக்கொண்டே போய் உச்சியில் கூடும். கீழே தூணே இல்லாமல் முழு மண்டபமும் திறந்து கிடக்கும். இந்த அமைப்பு சுவரை வெளிப்பக்கம் தள்ளும் என்பதால், சுவர் தடிமனாகவும் அசையாமலும் இருந்தாக வேண்டும்.

புதிய கூரைக்கு என்ன ஆதாரம்? சுவரில் பழைய மரங்கள் உட்கார்ந்த இடங்கள், படைப் பொறியாளர்கள் மாற்றங்களுக்கு முன்பு வரைந்த படங்கள், அதோடு ஒரு பெரிய அதிர்ஷ்டமாக எடின்பரோ கோட்டையில் அதே நான்காம் ஜேம்ஸ் 1512 வாக்கில் முடித்த மண்டபத்தின் கூரை. அதுவும் படைக்குடியிருப்பாகச் சீரழிந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீட்கப்பட்டது. ஆனால் அதன் பழைய மரம் தப்பிவிட்டது. ஸ்டர்லிங்குக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. எனவே கூரை ஹாமர்பீம் வகை என்பது உறுதி. சரிவும் இடைவெளியும் ஏறக்குறைய உறுதி. ஒவ்வொரு மரத்தின் விளிம்பிலும் உள்ள செதுக்கு வேலையும், முகட்டில் நிற்கும் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் இன்றைய கைவினைஞர்களின் படைப்பு. இணைப்பு வேலையைப் பொறுத்தவரை பழைய தச்சர்களுக்கு மரியாதை செய்த வேலை அது. ஆனாலும் அந்தக் கூரையை நிமிர்ந்து பார்த்து '500 வருட மரம்' என்று யாராவது வியந்தால், மெதுவாகத் திருத்துங்கள்.

இந்தச் சீரமைப்பைத் துறைக்குள்ளேயே ஏற்காதவர்கள் உண்டு. அவர்கள் வாதம் இலேசானதல்ல. 1964இல் வெனிஸ் நகரில் கூடிய நிபுணர்கள் வகுத்த சாசனம் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும். ஒரு கட்டடத்துக்கு எல்லாக் காலங்களும் சேர்த்த நியாயமான பங்களிப்பை மதிக்க வேண்டும். மண்டபத்தில் படைவீரர்கள் வாழ்ந்தது ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல். அரசர்கள் அதை விருந்து மண்டபமாகப் பயன்படுத்தியதோ ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு, அவ்வளவே. எங்கெங்கிருந்தோ வந்த சாதாரணச் சிப்பாய்களின் வரலாற்றை இடித்துவிட்டு அரச வரலாற்றை மட்டும் மீட்டது சரியா என்கிறார்கள். நான் இதை நிறைய யோசித்திருக்கிறேன். என் கருத்து இது: தடுப்புச் சுவர்களும் தளங்களும் அந்த மண்டபத்தின் உயிரான ஒன்றை, அதாவது அதன் ஒற்றைப் பெருவெளியை, முழுசாக அழித்திருந்தன. இரண்டையும் ஒரே கட்டடத்தில் வைத்துக்கொள்ள வழியில்லை. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றபோது, ஸ்காட்லாந்தில் வேறெங்கும் இல்லாத மண்டபத்தைத் தேர்ந்தார்கள். நானும் அதைத்தான் தேர்ந்திருப்பேன். எதிர்த்தரப்பு சொல்வதில் நியாயம் இருப்பதையும் மறுக்கமாட்டேன். பூச்சைப் பொறுத்தவரை இந்தச் சங்கடம் இல்லை. சுண்ணாம்பு அடுத்த தலைமுறை வேண்டாமென்றால் உரித்துவிடக் கூடியது.

தெற்கே இருக்கும் அரண்மனையின் கதை வேறு. ஐந்தாம் ஜேம்ஸ் 1536, 37இல் பிரான்சில் பல மாதங்கள் தங்கினான். முதலில் பிரெஞ்சு அரசன் மகள் மடலேனை மணந்தான். அவள் அதே ஆண்டு இறந்துபோக, 1538இல் கீஸ் குடும்பத்து மேரியை மணந்தான். அவன் கட்டிய அரண்மனையின் வெளிமுகத்தைப் பார்த்தால் பிரான்சை அவன் கண்கொட்டாமல் பார்த்திருக்கிறான் என்பது தெரியும். இது இழைத்த கல்லால் ஆன கட்டடம், மண்டபம் போலப் பூச்சை எதிர்பார்த்துக் கட்டியதல்ல. வளைந்த மாடங்களில் முழு உருவச் சிலைகள்: ரோமானியத் தெய்வங்கள், கோரமான பூதம், மூலையில் தாடியோடு அரசனே. சில உருவங்கள் ஜெர்மானிய ஓவியர் ஹான்ஸ் பர்க்மையரின் அச்சுப் படங்களைப் பார்த்துச் செதுக்கியவை. அச்சிட்ட காகிதம் கடல் கடந்து வந்து ஒரு ஸ்காட்லாந்துக் கல்தச்சனின் உளியில் ஏறியிருக்கிறது. கட்டுமானப் பொறுப்பில் முக்கியமானவராகக் கருதப்படும் ஃபினார்ட் ஜேம்ஸ் ஹாமில்டன், 1540இல் அரசத் துரோகக் குற்றச்சாட்டில் தலை வெட்டப்பட்டார். அரசனும் 1542இல் இறந்தான். மீதி வேலை விதவை மேரியின் பொறுப்பில் முடிந்தது.

அந்த அரண்மனையின் கற்சுவரும் சிலைகளும் பெரும்பாலும் அசல், மழை தின்றது போக. உள்ளே நிலைமை தலைகீழ். அரசனின் உள்கூடத்து விதானத்தில் சுமார் ஒரு மீட்டர் விட்டமுள்ள ஓக் மர வட்டங்கள் பதித்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தலை: அரசர்கள், அரசிகள், ரோமப் பேரரசர்கள், ஒரு விதூஷகன். 1777இல் ஒன்று கீழே விழ, மொத்த விதானத்தையும் கழற்றிவிட்டார்கள். தலைகள் பலர் வீடுகளுக்குச் சிதறின. 1817இல் அவற்றின் படங்கள் நூலாக வந்தபோதுதான் என்ன இழந்தோம் என்பது பலருக்கு உறைத்தது. இன்று 30க்கும் மேற்பட்டவை மிஞ்சி, பெரும்பாலானவை கோட்டையிலேயே தனிக் காட்சிக்கூடத்தில் இருக்கின்றன. மரத்தின் வளையங்களைப் படித்து ஓக் போலந்துப் பகுதியிலிருந்து வந்தது என்று கண்டிருக்கிறார்கள். 2011இல் அரண்மனை திறக்கப்பட்டபோது விதானத்தில் ஏற்றப்பட்டவை மரச்சிற்பி ஜான் டொனால்ட்சன் புதிதாகச் செதுக்கிய நகல்கள். செதுக்கலுக்கு மூலம் கையில் இருக்கிறது, அதனால் வடிவத்தில் சந்தேகமில்லை. எந்தத் தலை எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதும், நகல்களில் பூசியிருக்கும் கொழுத்த வண்ணங்களும் அந்தக் கால வழக்கத்தையும் ஓவியங்களையும் வைத்து எடுத்த முடிவுகள். ஒரு தலையின் விளிம்பில் வரும் கோடும் வட்டமுமான வரிசை யாழிசைக்கான குறிப்பு என்று ஒரு கருத்து உண்டு. கேட்க ஆசையாக இருக்கிறது. நிரூபணமானது என்று நான் சொல்லமாட்டேன்.

தேவாலயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தன் மகன் ஹென்றியின் ஞானஸ்நானத்துக்காக ஆறாம் ஜேம்ஸ் பழைய ஆலயத்தை அகற்றி, சில மாதங்களிலேயே 1594இல் கட்டி முடித்தான். கட்டுமானத் தலைவர் வில்லியம் ஷா. இரட்டை இரட்டையாக வரும் வளைவு ஜன்னல்களும் நடுவில் வெற்றி வளைவு போன்ற வாசலும் இத்தாலியச் சாயல். உள்சுவரில் 1620களின் இறுதியில் வாலன்டைன் ஜென்கின் தீட்டிய ஓவியப் பட்டை இன்றும் கொஞ்சம் இருக்கிறது. ஞானஸ்நான விருந்து அந்த மஞ்சள் மண்டபத்தில்தான் நடந்தது. மீன் பதார்த்தங்களைப் பீரங்கிகளோடு கூடிய ஒரு மாதிரிக் கப்பலில் வைத்து உள்ளே கொண்டுவந்தார்கள் என்று அன்றைய விவரணை சொல்கிறது. அவ்வளவு பெரிய கப்பல் உள்ளே திரும்ப இடம் இருந்ததென்றால் அந்தத் தூணில்லாக் கூரைதான் காரணம்.

கடைசியாக, உங்கள் கேள்வியில் ஒளிந்திருக்கும் இன்னொரு கேள்வி: மண்டபத்துக்குச் செய்தது சரியென்றால் மற்றவற்றையும் அப்படியே செய்துவிடலாமே? கூடாது என்பேன். மேற்கே உள்ள பழைய அரச வீட்டில் 1855இல் தீப்பிடித்து ஒரு பகுதி அழிந்தது. அதை ராபர்ட் பில்லிங்ஸ் 19ஆம் நூற்றாண்டு ரசனைப்படி திரும்பக் கட்டினார். படத்தில் 'அசல் கோட்டை' போல மிடுக்காகத் தெரியும் கூர்முனைகளில் சில அவர் கைவேலை. அதன்மேல் 1490களின் பூச்சைப் பூசினால் அந்தக் கட்டடம் எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு தோற்றத்தை நாம் உண்டாக்கியவர்கள் ஆவோம். நுழைவு வாயில் கோபுரங்களும் அப்படித்தான். நான்காம் ஜேம்ஸ் கட்டியபோது அவை இப்போதுள்ளதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். பின்னால் வெட்டிக் குறைத்துவிட்டார்கள். பழைய ஓவியங்களில் அவற்றின் உச்சி தெரிகிறது, ஆனால் ஓவியர்கள் உயரத்தை மிகைப்படுத்துவது வழக்கம். உச்சி எப்படி முடிந்தது என்பதற்குக் கல்லில் ஆதாரம் இல்லை. அங்கே ஊகம் தொடங்கிவிடுகிறது, எனவே கைவைக்கக் கூடாது. நீங்கள் நேரில் போக வாய்த்தால், வாசலைத் தாண்டும்போது நிமிர்ந்து அந்த மொட்டைத் தலைகளைப் பாருங்கள். பிறகு உள்ளே போய் மண்டபத்தின் மஞ்சள் சுவரை அருகில் நின்று பாருங்கள். செதுக்கிய மூலைக்கல்லும் பூசிய சுவரும் சந்திக்கும் விளிம்பில், பூச்சு எவ்வளவு கனத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியும். மண்டபத்துக்கு ஆதாரம் இருந்தது, செய்தார்கள். கோபுரத்துக்கு இல்லை, விட்டுவிட்டார்கள்.